8,750 ரூபாய்க்கு பாம் எண்ணெய்: மட்டக்களப்பில் சீஸ் வாங்குபவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரில் ஏசி போட்ட ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சீஸ் வாங்கி 8,750 ரூபாயைத் தொலைத்திருக்கிறேன்.

கடைச் சீஸ்களை ருசி பார்த்து எழுதுவது என் பழக்கம். இந்த முறை கௌடா (Gouda), எடம் (Edam) இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நினைத்தேன். இரண்டும் ஒல்லாந்துச் சீஸ்தான். எடத்தில் கொழுப்புக் கொஞ்சம் குறைவு. (1638இல் இங்கே கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் நல்ல சீஸ் செய்யவும் கற்றுத்தந்துவிட்டுப் போயிருக்கலாம்.)

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற தம்பி, கேட்காமலே ஒரு துண்டு வெட்டிப் பல்லுக்குச்சியில் குத்தி நீட்டினார். "சாப்பிட்டுப் பாருங்க அண்ணே, பிடிக்காட்டி எடுக்க வேணாம்." அருமையான கௌடா. லேசான இனிப்பு, கடைசியில் கச்சான் வறுத்த வாசம். "இதுதானே பக்கட்டுக்குள்ளயும்?" என்று கேட்டேன். "இதேதான் அண்ணே, இப்பதான் ஒண்டை உடைச்சன்." அந்தச் சிரிப்பைப் பார்த்து யார்தான் சந்தேகப்படுவார்கள்? கௌடா இரண்டு, எடம் ஒன்று. பில் 8,750.

வீட்டில் கௌடாவைப் பாணில் வைத்துச் சூடாக்கினால் எண்ணெய் தனியே வழிகிறது, மிச்சம் ரப்பர் மாதிரிக் கிடக்கிறது. வாயில் வைத்தால் உப்பு மட்டும்தான். விலை ஸ்டிக்கரை உரித்தேன். அதற்குக் கீழே, பொடி எழுத்தில்: தண்ணீர், பாம் எண்ணெய், மாப்பொருள். கௌடா என்றால் பால், உப்பு, உறை, பாலைத் திரைக்க ரென்னெட், அவ்வளவுதான் முக்கியம். எடத்தின் ஸ்டிக்கரையும் உரித்தேன். காலாவதித் திகதி எப்போதோ போய்விட்டது.

கொண்டுபோனால் காசாளர் பில் கேட்டார். கொடுத்தேன். "மனேஜர் சாப்பிடப் போயிட்டார், மறுகா வாங்க." அப்புறம் போனால் மனேஜர் மணந்துகூடப் பார்க்கவில்லை. "சீஸ் எண்டா மணக்கத்தானே செய்யும் தம்பி. உடைச்ச சாமானை எடுக்கேலாது." ஸ்டிக்கரைக் காட்டினேன். "அது கொழும்பில இருந்து அப்படியேதான் வருது." கொழும்புக்குப் பேசிச் சொல்கிறேன் என்று நம்பரை வாங்கினார். இன்னும் ஒரு அழைப்பும் இல்லை. சீஸ் வெட்டிக்கொடுத்த தம்பியோ என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். 8,750 ரூபாய்! அதற்கு எத்தனை சட்டி எருமைத் தயிர் வாங்கியிருக்கலாம்.

நல்ல சீஸை எப்படித் தெரிவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ருசி பார்க்கத் தந்த அதே கட்டியிலிருந்து உங்கள் கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தாவர எண்ணெய், மாப்பொருள் என்று கண்டால் அது என்ன பெயரில் வந்தாலும் சீஸ் விலை கொடுக்காதீர்கள். பில்லையும் உரித்த ஸ்டிக்கரையும் படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னுடையது நாளைக்குப் போகிறது.