சொந்தப் பட்டறையா, ஒப்பந்த ஆலையா?

மின்சாரக் கார் தயாரிக்கப் புறப்படும் நிறுவனம், தகடுகளுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுகளையும் உற்பத்தியையும் தன் கையில் வைத்துக்கொள்வதா, பிறரிடம் ஒப்படைப்பதா என்ற கேள்விக்கு டெஸ்லாவும் ஃபிஸ்கரும் எதிரெதிர் விடைகளைத் தந்தன.

முதலீடு: டெஸ்லா 2015இல் மிச்சிகனில் தகடு அழுத்தும் அச்சுகள் செய்யும் ரிவியரா டூலையும், பின்னர் ஆலைகளுக்குத் தானியங்கி இயந்திரங்கள் செய்யும் ஜெர்மனியின் குரோமன் நிறுவனத்தையும் விலைக்கு வாங்கியது. ஃபிஸ்கர் சொந்த ஆலை கட்டாமல், ஓஷன் காரை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், பிற நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் கார் செய்து தரும் மேக்னா ஸ்டேயரிடம் செய்வித்தது.

மாற்றத்தின் வேகம்: கதவுத் தகட்டின் வளைவில் ஒரு மில்லிமீட்டர் திருத்தம் என்றாலும் எஃகு அச்சைக் கழற்றிச் சீவி, மெருகேற்றி, மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும், பட்டறை தன்னுடையதானால் உடனே கைவைக்கலாம், அயலாருடையதானால் விலை பேசி, ஒப்பந்தம் திருத்தி, முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். என் பார்வையில் தீர்மானிக்கும் அம்சம் இதுதான்.

இடர்: சொந்த ஆலையும் சிக்கலில் மாட்டும், டெஸ்லாவில் அளவுமீறித் தானியக்கம் செய்தது தவறு என்று 2018இல் ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். ஃபிஸ்கரோ 2024இல் திவாலானது. ஆனால் அந்தப் பழியை மேக்னாவின் மேல் போடுவது நியாயமன்று.

ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்கள் விற்க நினைப்பவருக்கு ஒப்பந்த ஆலை போதும். லட்சக்கணக்கில் செய்து, வடிவமைப்பையும் அடிக்கடி மாற்ற விரும்புபவருக்குச் சொந்தப் பட்டறையே பொருந்தும்.