நேரங்கெட்ட நேரத்திலும் திறக்கும் கதவு: நுகேகொடையில் நோயாளர்களுக்கான ஒரு விருந்தினர் இல்லம்

மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற வெளியூர்களிலிருந்து வரும் நோயாளர்களையும் அவர்களுக்குத் துணையாக வருவோரையும் தங்கவைப்பதற்காக, நுகேகொடையில் ஒரு புரட்டஸ்தாந்து சபையினர் நடத்திவரும் விருந்தினர் இல்லத்தைப் பற்றிய மதிப்பீடு இது. தங்களுக்கு விளம்பரம் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதனால் சபையின் பெயரையும் ஒழுங்கையின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. ஆயினும் எழுதாமல் விட மனம் வரவில்லை. எனது மனைவியின் தாயாருக்கு வாயில் ஏற்பட்ட புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்த காலம் முழுவதும் நாங்கள் தங்கியிருந்தது அங்கேதான்.

இத்தகைய இல்லத்தின் தேவை என்ன என்பதை நோயாளரை அழைத்துச் சென்ற குடும்பங்கள் அறிவார்கள். கதிர்வீச்சு பொதுவாக வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் பல வாரங்களுக்குக் கொடுக்கப்படுகிறது. இயந்திரத்தின் கீழ் நோயாளர் படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்களே. மீதிப் பொழுதைக் கழிப்பதற்கு வைத்தியசாலையில் எல்லோருக்கும் கட்டில் கிடைப்பதில்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை என்பது நம் நாட்டின் பெரும் பேறு. ஆனால் வவுனியாவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்தவர் வாரக்கணக்கில் கொழும்பில் தங்குவதற்கும் உண்பதற்கும் போய்வருவதற்கும் ஆகும் செலவை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் முதலில் விசாரித்த வாடகை அறைகளுள் ஒன்றில், நோயாளி என்று கேள்விப்பட்டதும் அறை இல்லை என்றார்கள். இன்னொன்றில் முழு மாத வாடகையையும் முற்பணமாகக் கேட்டார்கள்.

வடக்கிலிருந்து புறப்படும் இரவு பஸ்கள் விடிவதற்கு முன்னரே வெள்ளவத்தையில் ஆட்களை இறக்கிவிடும். அங்கிருந்து முச்சக்கரவண்டி பிடித்து நுகேகொடைக்கு வந்து சேரும்போது காலை நாலரை மணி ஆகியிருக்கும். அது எந்த வீட்டுக்கும் வசதியான நேரமன்று. லூக்கா சுவிசேஷத்தின் பதினோராம் அதிகாரத்தில், பாதிராத்திரியில் வந்து அப்பம் கேட்கும் சிநேகிதனிடம், கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடே படுத்திருக்கிறார்கள், என்னைத் தொந்தரவு செய்யாதே என்று உள்ளே இருப்பவன் பதில் சொல்வதாக இயேசு ஓர் உவமை கூறுகிறார். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. பிள்ளைகள் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். இந்த இல்லத்தை நடத்துபவர்கள் அந்த மனிதனின் சங்கடத்தையும் கணக்கில் எடுத்து ஓர் ஒழுங்கைச் செய்துவைத்திருக்கிறார்கள் என்பதே என்னை மிகவும் கவர்ந்தது. சபையிலுள்ள குடும்பங்கள் வாரத்துக்கு ஒன்றாக முறை வைத்து, கேற்றின் திறப்பையும் இல்லத்தின் தொலைபேசியையும் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. அந்த வாரம் யாருடைய முறையோ, அவர்கள் இரவில் எழும்புவதற்கு ஆயத்தமாகவே படுக்கைக்குப் போகிறார்கள். எங்களுக்குக் கேற்றைத் திறந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். பிளாஸ்கில் சுடுதண்ணீரும் அறையில் விரித்த படுக்கையும் ஏற்கெனவே இருந்தன. மாமியைக் கையைப் பிடித்துப் படியேற்றி உள்ளே விட்டபின், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். களைத்து வந்தவர்களிடம் ஊரும் பேரும் நோயும் விசாரிக்காமல் படுக்கவிடுவதற்குத் தனியான பக்குவம் வேண்டும்.

கீழ்த் தளத்தில் உள்ள அறைகள் நோயாளர்களுக்கு, மேல் தளம் துணைக்கு வந்தவர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாத நோயாளருடன் ஒருவர் கீழேயே படுக்கலாம். அறைகள் சிறியவை, ஆனால் சுத்தமானவை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு விளக்கு, நுளம்பு வலை, மின்விசிறி ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. எலிசா தீர்க்கதரிசிக்காகச் சூனேம் ஊர்ப் பெண்மணி மாடியில் கட்டுவித்த சிறிய அறையிலும் ஏறத்தாழ இவ்வளவுதான் இருந்தது. போகிற வழியில் வந்து தங்குபவருக்கு எது தேவை என்று அவள் முன்கூட்டியே யோசித்ததைப் போலவே இங்கும் யாரோ யோசித்திருக்கிறார்கள்: கட்டிலின் தலைப்பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிளாஸ்ரிக் பேசினும், ஒரு துவாயும், இரவில் ஆளைக் கூப்பிட ஒரு சிறு மணியும் வைக்கப்பட்டிருக்கின்றன.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாய்ப்பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்குச் சில வாரங்களில் வாய் புண்ணாகிவிடும். உறைப்பும் புளிப்பும் பட்டால் எரியும், பாண் துண்டைக்கூட விழுங்க முடியாது. கீமோதெரபி பெறுபவர்களுக்கோ தாளிதத்தின் வாசனையே குமட்டலை உண்டாக்கும். இல்லத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அம்மையாரை எல்லோரும் அன்ரி என்றே அழைக்கிறார்கள். அவர் இந்த வேறுபாடுகளைத் தமது கொப்பியில் ஒவ்வொருவரின் அறைக்கும் நேராகக் குறித்துவைத்திருக்கிறார். மாமிக்கு ஆறவைத்த அரிசிக்கஞ்சியும், பால் நிறைய விட்ட உறைப்பில்லாத சொதியில் ஊறவைத்து மசித்த இடியப்பமும் கிடைத்தன. மாமி சைவர், வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருப்பவர். அதை நாங்கள் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னோம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை முதல் அன்றைய சமையல் எல்லோருக்குமே மரக்கறியாக இருந்தது. அதற்கான காரணம் மேசையில் அறிவிக்கப்படவில்லை. பசி எப்போது வரும் என்று இந்த நோயாளர்களுக்கே தெரியாது என்பதனால், நேரந்தவறிக் கேட்டாலும் கஞ்சி கொடுக்க வேண்டும் என்பது சமையலறையின் விதி. இரவு பதினொரு மணிக்கு மாமிக்காக அடுப்பு மூட்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் சமையல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, பின்வளவில் விறகடுப்பு வைத்து இதே விதியைக் காப்பாற்றியதாக அன்ரி சொன்னார். அந்த அடுப்பின் கல்லுகள் இன்னும் அங்கே கிடக்கின்றன.

நாங்கள் இருந்த காலத்தில் ஓர் இரவு, எல்லா அறைகளும் நிறைந்திருந்த வேளையில், மலையகத்திலிருந்து ஒரு குடும்பம் நோயுற்ற குழந்தையோடு முன்னறிவித்தல் இல்லாமல் வந்து நின்றது. அன்ரியின் வீடு இல்லத்தை ஒட்டியது. அவருடைய மகளுக்கு அடுத்த நாள் உயர்தரப் பரீட்சை. அந்தப் பிள்ளையின் அறையைத் தவிர வேறிடம் இல்லை. அன்ரி மகளைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. ஒன்றும் பேசாமல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டாள். சிரித்த முகத்தோடு போ என்று தாய் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த நாள் மதியத்துக்குள் சபையின் வேறொரு வீட்டில் அந்தக் குடும்பத்துக்கு இடம் ஒழுங்குசெய்யப்பட்டு, பிள்ளைக்கு அவளுடைய அறை திரும்பக் கிடைத்தது.

இதை நான் முக்கியமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நம்முடைய வீடுகளில் விருந்தினரை வாருங்கள் என்று அழைத்துப் பெயர் வாங்குபவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். அந்த அழைப்பின் பாரத்தைச் சுமப்பவர்கள் சமையலறையில் நிற்கும் பெண்களும் படுக்கையை விட்டுக்கொடுக்கும் பிள்ளைகளும்தான். முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள் என்று பேதுரு எழுதினார். முறுமுறுப்பு எழுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதை அறியாதவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். இந்த இல்லத்தில் அந்தக் காரணங்களைக் குறைப்பதற்கு உழைக்கிறார்கள். சட்டிபானை கழுவுவதற்கும் துணி தோய்ப்பதற்கும் ஆண்களுக்கும் முறை உண்டு. ஓய்வுபெற்ற அரச அலுவலரான அன்ரியின் கணவர் சிங்களவர். ஒவ்வொரு புதிய நோயாளருடனும் முதல்நாள் வைத்தியசாலைக்குச் சென்று, எந்த வரிசையில் நிற்பது, கிளினிக் கொப்பியை எங்கே கொடுப்பது என்று காட்டி, சிங்களத்தில் சொல்லப்படுவதைத் தமக்குத் தெரிந்த தமிழில் விளக்குகிறார். சிங்களம் தெரியாத எங்களுக்கு அந்த ஒரு நாளின் உதவி விலைமதிப்பற்றது. ஒரே ஒருவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த இல்லம் சில மாதங்களிலேயே ஓய்ந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். வசதியில்லாத நேரத்தில் இரக்கம் காட்டுவதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. அதைப் பங்குபோட்டுச் சுமக்கும் ஆட்களும், அவர்களுக்கு ஓய்வும் வேண்டும்.

மாலையில் ஜெபம் நடக்கும். வருவதும் வராததும் அவரவர் விருப்பம். மாமி தமது அறையில் திருநீறு பூசித் தேவாரம் பாடியதை யாரும் வேறுவிதமாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நாள் வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், நோயாளர்கள் முன்னிலையில் நோயும் விசுவாசமும் பற்றி நெடுநேரம் பேசினார்; விசுவாசம் போதாததனால்தான் குணமாகவில்லை என்ற கருத்துப்பட அவர் பேசியபோது இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த நாள் காலையில் அன்ரி அறை அறையாக வந்து வருத்தம் தெரிவித்தார். வெளியாரைப் பேச அழைப்பதற்கு முன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன், இங்கும் சொல்கிறேன். தப்பிப் போக முடியாத நிலையில் படுத்திருப்பவரிடம் செய்யப்படும் பிரசங்கம் உபசரிப்பாகாது.

வேறு குறைகளும் உண்டு. வாசற்படிகளுக்குக் கைபிடி இல்லை. உடல் தளர்ந்தவர்களுக்கு அது ஆபத்து. கீழ்த் தளத்து அறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மலசலகூடம் என்பதனால், எல்லோரும் கிளினிக்குக்குப் புறப்படும் விடியற்காலையில் பெரும் சிரமம். தண்ணீர்த் தாங்கி சிறியது. மேல் தளத்தில் பகலில் வெக்கை தாங்க முடியாது. இவற்றைத் திருத்தப் பணம் வேண்டும். இல்லத்தில் நிலையான கட்டணம் எதுவும் இல்லாததனால் பணம் மெதுவாகவே சேர்கிறது. விறாந்தையில் ஓர் உண்டியல் இருக்கிறது. யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்க்கக்கூடிய இடத்தில் எவரும் உட்காருவதில்லை. என்னைப் போல இயன்றவர்கள் வாடகை அறைக்குக் கொடுக்கக்கூடியதையாவது அதில் போட வேண்டும் என்பது எனது கருத்து.

கொழும்பில் தங்குமிடம் என்பது எங்கள் ஊர்க்காரருக்கு வெறும் வசதி பற்றிய கேள்வி அல்ல. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் தங்குவிடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பொலிஸாரால் வெளியேற்றப்பட்டுப் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் கொண்டுவந்து விடப்பட்ட இடம் வவுனியா. உயர் நீதிமன்றம் மறுநாளே அந்த நடவடிக்கையை நிறுத்தி உத்தரவிட்டது என்றாலும், அதன் பிறகு நீண்ட காலம் கொழும்பில் கதவைத் தட்டுவதற்கே மாமி போன்றவர்களுக்குத் தயக்கம் இருந்தது. அக்காலத்திலும் இந்தச் சபையார் வடக்கிலிருந்து வந்த நோயாளர்களைத் தம் வீடுகளில் வைத்திருந்ததாகவும், ஒவ்வொருவரின் பெயரையும் பொலிஸில் பதியத் தாமே கூடச் சென்றதாகவும், கேள்விகளுக்குத் தாமே பதில் சொன்னதாகவும் அன்ரியின் கணவர் கூறினார். அந்த நாட்களில் அது அக்கம்பக்கத்தாரின் சந்தேகத்தையும் வாங்கித் தரக்கூடிய காரியம்.

அங்கே இடம் கேட்க விரும்புவோர் தம்முடைய ஊரிலுள்ள போதகர் ஒருவரிடம் விசாரிப்பதே நல்லது. நீங்கள் எந்தச் சமயத்தவர் என்பது அதற்குத் தடையில்லை. வைத்தியசாலையின் கடிதத்தின் பிரதியையும், சொந்தப் போர்வையையும், நோயாளர் உண்ணக்கூடியவை பற்றிய குறிப்பையும் கொண்டுசெல்லுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். பஸ் தாமதமானால் எந்த நேரமானாலும் தொலைபேசியில் அறிவியுங்கள். விழித்திருப்பவருக்கு அது ஒரு மணி நேரத் தூக்கமாவது மிச்சம். சிகிச்சை முடியும் திகதி தெரிந்தவுடன் அன்ரியிடம் சொல்லிவிடுங்கள். அந்த அறைக்காக வேறொரு குடும்பத்தின் பெயர் ஏற்கெனவே அவருடைய கொப்பியில் இருக்கும்.