மூன்று சாம்பிளில் விழுந்த கம்பைலர்: இரண்டு வருஷப் பாவனைக்குப் பிறகு

அக்கரைப்பற்றுச் சிநேகிதன் போன கிழமை கேட்டான்: “மச்சான், நீ வச்சிருக்கிற அந்தக் கம்பைலரை நம்பி எடுக்கலாமா?” ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை, இல்லை என்று சொல்ல மனமும் வரவில்லை. நான் எழுதும் கோடைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் அது. செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், அவனுக்குத் தெரியும்.

மட்டக்களப்பு, கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைப் பதிய, தண்ணீருக்குள் இறக்கும் மைக்கும் எக்ஸ்டென்சா என்ற வகைச் சிப்பும் வைத்து ஒரு பெட்டி செய்திருக்கிறேன். அந்தச் சிப்பில் லூப்பை, அதாவது திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய கட்டளைத் தொகுதியை, வன்பொருளே சுற்றும். தொடக்கம், முடிவு, எண்ணிக்கை மூன்றையும் ரெஜிஸ்டர்கள் என்ற சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவிடங்களில் போட்டுவிட்டால் சரி. ஒவ்வொரு சுற்றிலும் கழித்து, பார்த்து, திரும்பப் பாயும் கட்டளைகள் தேவையில்லை. ஒலியைச் சலிக்கும் என் ஃபில்டர் கோடை இந்தக் கம்பைலர் தானாகவே அப்படி மாற்றியிருந்தது. அது உண்டாக்கிய சிப்புக் கட்டளைகளை, அதாவது அசெம்பிளியைப் பார்த்து அசந்துபோனேன். கையால் எழுதினாலும் எனக்கு அவ்வளவு சுத்தமாக வராது.

பிறகு ஒரு பூரணை இரவு. மீன் பாடுவது நன்றாகக் கேட்குமென்று தோணியில் போய் உட்கார்ந்தால், பெட்டி விழுந்து விழுந்து ரீஸ்டார்ட் ஆகிறது. எங்கே விழுகிறது என்று பார்க்க லூப்புக்குள் ஒரு பிரிண்ட் போட்டேன். உடனே ஒழுங்காக ஓடியது! எடுத்தால் விழும், போட்டால் ஓடும். மூன்று இரவு இப்படியே போனது. லூப்புக்குள் பிரிண்ட் போல ஒரு ஃபங்ஷன் அழைப்பு இருந்தால், அந்த ஃபங்ஷனும் அதே ரெஜிஸ்டர்களைத் தொடலாம் என்று கம்பைலர் சாதாரண லூப்புக்குப் போய்விடும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைசியில் அசெம்பிளியை வரிவரியாகப் படித்தேன். சாம்பிள்களின், அதாவது ஒலி அளவீடுகளின், எண்ணிக்கை பூஜ்யமா என்று நான் முன்கூட்டியே பார்த்திருந்தேன். கம்பைலர் அதை நம்பி, லூப்பை நான்கு நான்காக விரித்து, எண்ணிக்கையை நான்கால் வகுத்திருந்தது. கடைசித் துண்டில் வந்தது 3 சாம்பிள்; முழு எண்ணாக வகுத்தால் பூஜ்யம். லூப் கட்டளைக்குப் பூஜ்யம் கொடுத்தால் நிற்காது, 4294967296 தடவை சுற்றப் புறப்படும். நினைவகத்தின் எல்லை தாண்டிப் படித்து விழாமல் என்ன செய்யும்? பூஜ்யமென்றால் தாண்டிப்போகும் லூப்நெஸ் கட்டளை அதே சிப்பில் இருக்கிறது. அதைப் போடவில்லை.

பதினொரு வரி உதாரணத்தோடு நிறுவனத்துக்கு எழுதினேன். “ஆப்டிமைசேஷனைக் குறையுங்கள்” என்று பதில். கோடை வேகமாக்கும் வேலைதான் அது. அதைக் குறைக்கவா காசு கட்டினேன்?

நியாயமாகச் சொன்னால், நாலு மாதத்தில் திருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பெட்டி ஒரு தடவைகூட விழவில்லை. வேகத்தில் இதற்குக் கிட்ட வருகிற ஒன்றை நான் பாவித்ததில்லை. மாற்றும் எண்ணமும் இல்லை.

நீ எடுக்காதே, மச்சான். எனக்கு இன்னும் ஆறவில்லை.