கிருமி பயத்துக்கு ஈஆர்பி சிகிச்சை: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயால் கை கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோனவர்களுக்கு இன்றைக்கு இருக்கும் உளவியல் சிகிச்சைகளில் முதலிடம் ஈஆர்பிக்குத்தான் (எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன்). பயப்படும் பொருளைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது. 1966-இல் உளவியலாளர் விக்டர் மேயர் 2 நோயாளிகளை வைத்து எழுதியபோது இருந்த அந்தச் சாரம் இன்னும் மாறவில்லை. இதை விட்டுவிட்டு மூச்சுப் பயிற்சியும் ஆறுதல் பேச்சும் மட்டும் தரும் கவுன்சிலிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

கழுவியதும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது அல்லவா, நோய்க்குத் தீனியே அந்த நிம்மதிதான். கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் ஒரு தடவை சோப்பு கேட்கிறது.

நல்ல சிகிச்சையாளர் முதலில் ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் அளவுகோலில் மதிப்பெண் போடுவார். 10 கேள்வி, மொத்தம் 40. 16 முதல் 23 வரை நடுத்தரம், 24-ஐத் தொட்டால் கடுமை. சில வாரம் கழித்து மறுபடி அளந்து, 35 சதவீதமாவது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பயப் பட்டியல்: 100-க்கு வீட்டுக் கதவுப் பிடிக்கு 30, பஸ் கம்பிக்கு 50, பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு 85 என்று நோயாளியே எண் கொடுப்பார். நடுவிலிருந்து தொடங்குவதே நல்லது. ஒரு அமர்வு 60 முதல் 90 நிமிடம். அரை மணியில் முடித்து அனுப்பினால் பதற்றத்தின் உச்சியிலேயே எழுந்து போக நேரும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கழுவாமல் இருக்கும் பாதியில்தான். விரல் நுனியால் மட்டும் தொடுவது, பையில் சானிடைசர் வைத்திருப்பது, 'வீட்டுக்குப் போய்க் குளிச்சுக்கலாம்' என்று மனசுக்குள் தள்ளிப்போடுவது, எல்லாமே கழுவியதற்குச் சமம். பஸ் கம்பியைத் தொட்ட கையால் தலையணையையும் போனையும் தொடச் சொல்லாத சிகிச்சை அரைகுறை. வீட்டில் தினமும் பயிற்சி இல்லாவிட்டால் வாரம் ஒரு அமர்வு போதாது.

வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். பிள்ளைக்காகக் குழாயைத் திறந்துவிடும் அம்மா, கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்லும் அப்பா, இருவரும் அன்பால் செய்வது நோய்க்குத்தான் போய்ச் சேர்கிறது. "இதுக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்ல கண்ணு" என்று சொல்லப் பழக்க வேண்டும்.

குறை என்றால், முதல் சில வாரம் உண்மையிலேயே கொடுமை; பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. கடுமையான நிலையில் மருந்தும் சேர்ந்தால் தாங்க முடியும். ஓசிடிக்கு ஃப்ளுவாக்சடின் பெரும்பாலும் 40 முதல் 80 மில்லிகிராம் வரை தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டே வாரத்தில் 'கேட்கலை' என்று விடுவதும், தேறியதும் திடீரென நிறுத்துவதும் தவறு. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மனநல மருத்துவர் வேலை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தனியாரிடம் நேரம் வாங்கும்போது, "அமர்வில் நீங்களும் கூடவே தொட்டுக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள், தயங்கினால் வேறொருவரைப் பாருங்கள்.