உப்புச் சகதியில் நடந்து அலுவலகம் போக எந்த பூட்ஸ்?

ரொறன்ரோவில் எனக்கு வாய்த்த முதல் குளிர்காலம். ஸ்காபரோவில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீதியோரம் வெள்ளையாகக் குவிந்து கிடந்த பனியில் கால் வைத்தேன். மேலே மெல்லிய பனி, கீழே கணுக்கால் அளவு தண்ணீர். ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் சப்பாத்து ஒரு நொடியில் நிரம்பிவிட்டது. அன்று மாலை வரை ஈரக் காலுறையோடு அலுவலகத்தில் இருந்தேன். அடுத்த நாள் சப்பாத்து காய்ந்தபோது, அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் படிந்திருந்தன.

அந்தக் கோடுகள் உப்பு. பனி உறையாமலிருக்க வீதியெங்கும் கொட்டுகிறார்கள். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கும் நாட்களில் பனி பாதி கரைந்து, உப்போடு சேர்ந்து சாம்பல்நிறச் சகதியாகிறது. ஆகவே இங்கே ஒரு பூட்ஸிடம் மழைக்குத் தாங்குவதைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. உப்புநீர் உள்ளே வரக்கூடாது, பனிக்கட்டியில் வழுக்கக்கூடாது, சூடேற்றிய அலுவலகத்தில் கால் வேகக்கூடாது, காற்சட்டைக்குக் கீழே கட்டடத் தொழிலாளியின் பூட்ஸ் போலத் தெரியவும் கூடாது.

இங்குள்ள அலுவலகங்களில் அதிகம் காண்பது செல்சி பூட்ஸ்தான்: நாடா கிடையாது, இரு பக்கமும் எலாஸ்டிக். 1870இல் டாஸ்மேனியாவில் தொடங்கிய பிளண்ட்ஸ்டோன் நிறுவனத்தின் பூட்ஸை இந்த நகரத்தில் ஒவ்வொரு சப்வே பெட்டியிலும் பார்க்கலாம். நம் வீடுகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். வாசலில் கழற்றாமல் உள்ளே வரும் வழக்கம் நமக்கில்லை. கையில் சமையல் சாமான்களோடு நிற்கும்போது, குனிந்து நாடா அவிழ்க்காமல் காலை இழுத்துக்கொள்ளும் சுகம் தெரிந்தவர்களுக்கே தெரியும். ஆனால் எலாஸ்டிக் துணிதான் அதன் பலவீனம். தோலுக்கு எவ்வளவு மெழுகு பூசினாலும், சாதாரண வகைகளில் ஆழமான சகதி அந்தத் துணி வழியே கசிந்துவிடும். குளிர்காலத்துக்கென்றே நீர் புகாமல் செய்த செல்சி வகைகளும் உண்டு. வாங்குவதானால் அவற்றையே வாங்குங்கள்.

அடுத்தது, உள்ளே நீர்தடுப்பு மென்படலம் வைத்த, நாடா கட்டும் தோல் பூட்ஸ். நான் ஐந்து குளிர்காலமாக அணிவது இதைத்தான். கோர்டெக்ஸ் இவ்வகைப் படலங்களில் பெயர்பெற்றது. 1969இல் பொப் கோர் என்பவர், டெஃப்லான் என்று நாம் அறிந்த பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது அறுந்துபோகாமல் நுண்துளைகளோடு நீண்டது; அங்கிருந்து பிறந்தது அது. அந்தத் துளைகளில் நீர்த்துளி நுழையாது, வியர்வையின் ஆவி வெளியேறும். பூட்ஸுக்குள் இந்தப் படலம் இன்னொரு காலுறை போலத் தைக்கப்பட்டிருக்கும். படலம் இருக்கிறதே என்று மேல் தோலைக் கவனிக்காமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. தோல் நீரில் ஊறிவிட்டால் ஆவி வெளியேற வழியில்லை. உள்ளே தண்ணீர் வராமலே கால் நனைந்துவிடும். மாதம் ஒருமுறை மெழுகு, உப்புக் கறைக்கு வினாகிரி கலந்த தண்ணீரில் நனைத்த துணி, இவை இரண்டும் போதும். நாடாவுக்கு அடியில் இருக்கும் நாக்கின் இரு ஓரமும் மேல்வரை பூட்ஸோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். இல்லையென்றால் நாடாப் பக்கமாகத் தண்ணீர் வரும்.

இவ்வகையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலானவற்றில் அடிப்பாகம் பசையால் ஒட்டப்பட்டது. தேய்ந்தால் மாற்றுவது கடினம். தையலிட்ட அடிப்பாகம் கொண்ட நல்ல தோல் பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

ரப்பர் அடியும் தோல் மேற்பாகமும் கொண்ட பூட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1912இல் எல்.எல். பீன் என்ற அமெரிக்க வணிகர் விற்ற முதல் நூறு சோடிகளில் தொண்ணூறு, ரப்பரும் தோலும் பிரிந்து திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைச் செம்மைப்படுத்தினார். இன்று அது உறுதியான பூட்ஸ், சகதிக்கு அஞ்சாதது. ஆனால் வாடிக்கையாளரைச் சந்திக்கும் நாளில் அதை அணிந்து போக எனக்கு மனம் வராது.

கோட் சூட் அணிபவர்களுக்கு, சப்பாத்துக்கு மேல் மாட்டும் ரப்பர் உறை இன்றும் நல்ல வழி. உயரம் குறைவு என்பதால் ஆழமான குட்டைகளில் உதவாது.

வழுக்கும் விடயத்தில் தோற்றத்தை நம்பாதீர்கள். ரொறன்ரோவின் கைட் ஆய்வு நிறுவனம் சாய்க்கக்கூடிய பனித்தளத்தில் ஆட்களை நடக்கவைத்து பூட்ஸுகளைச் சோதிக்கிறது. குறைந்தது 7 பாகை சரிவில் வழுக்காமல் நின்றால்தான் ஒரு பனிப்பூ மதிப்பெண். 2016இல் வெளியிட்ட முதல் முடிவுகளில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. விலை உயர்ந்தவையும் தோற்றன. அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ரயிலில் யூனியன் நிலையத்துக்கு வந்து, பாத் எனப்படும் நிலக்கீழ் நடைபாதை வழியாகவே அலுவலகம் சேர்பவருக்குச் செல்சி தாராளமாகப் போதும். பஸ் நிறுத்தத்தில் நின்று, இரண்டு சந்திகள் கடந்து நடப்பவர் மென்படல பூட்ஸை எடுக்கட்டும்: கறுப்பு அல்லது கடும் மண்ணிறம், கணுக்காலை மூடும் உயரம், மூக்கில் அலங்காரத் தையல் இல்லாதது. வெப்பக்காப்பு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள்) 200 கிராமுக்கு மேல் வேண்டாம். நாள் முழுவதும் கட்டடத்துக்குள் இருக்கிறோம், மீதியைக் கம்பளிக் காலுறை பார்த்துக்கொள்ளும். அந்தக் காலுறையை அணிந்துகொண்டே, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய் அளவு பாருங்கள்.