கோடையில் ஹாட் ஃப்ளாஷ்: ஃபேனா, ஏசியா, மாத்திரையா?

மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் சமயத்தில் திடீரென்று உடம்பெல்லாம் அனலடிக்கும் ஹாட் ஃப்ளாஷைக் குளிர்காலத்தில் எப்படியோ சமாளித்துவிடலாம். ஜன்னலைத் திறந்து இரண்டு நிமிடம் நின்றால் போதும். கோடையில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவதும் அனல்தான். எனக்கு இது நான்காவது கோடை. வாங்கியது, போட்டது, தூக்கி எறிந்தது எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். உடலின் வெப்பநிலையைக் கவனித்துக்கொள்வது மூளையில் இருக்கும் ஹைபோதலாமஸ். மெனோபாஸில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது அங்கே சில நரம்பணுக்கள் மிகையாகத் துடிக்க ஆரம்பிக்கின்றன. உடல் சூடு துளி ஏறினாலும் ஏதோ பெரிய ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையையும் திறந்துவிடுகின்றன. குப்பென்று முகம் எரிகிறது, கழுத்து நனைகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம் தேவைக்கு மேல் சூட்டை இழந்த உடம்பு நடுங்கும். அதனால் ஃப்ளாஷுக்கு வேண்டியது சட்டென்று வந்து சட்டென்று விலகுகிற குளிர்ச்சி. வெயிலுக்கு வேண்டியதோ நாள் முழுக்க நீடிக்கிற குளிர்ச்சி. கடையில் விற்கும் பல பொருட்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்யும்.

ஃபேனா, ஏசியா?

ஏசி வெயிலுக்கான பதில். அறை மிதமாக இருந்தால் உடம்பு அந்த ஆபத்துக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியே நிற்கும். ஆனால் ஃப்ளாஷ் வந்த பிறகு ரிமோட்டைத் தேடி எடுத்துக் குறைத்தால் பலன் இல்லை. அறை குளிர்வதற்குள் ஃப்ளாஷ் முடிந்திருக்கும், நடுக்கம் தொடங்கியிருக்கும். நான் முதல் வருடம் 18-ல் வைத்துவிட்டு விடிய விடியப் போர்வையை இழுப்பதும் உதைப்பதுமாக இருந்தேன். பக்கத்தில் படுத்தவருக்கும் தூக்கம் போனதுதான் மிச்சம்.

ஃபேன் அந்த நிமிடத்துக்கான ஆள். சுவிட்சைத் தட்டியதும் காற்று, தட்டினால் நிறுத்தம், அதுவும் எனக்கு மட்டும். ஆனால் அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதையும் தாண்டிவிட்டால் ஃபேன் நம் மேல் சூட்டையும் சேர்த்தே வீசுகிறது. வெப்பநிலை 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் மின்விசிறியை நம்பலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்கு மேல் போனால் குளிர்ந்த இடத்துக்குப் போய்விடுவதே சரி.

என் தீர்ப்பு: இரண்டும். ஏசி 26-ல், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சின்ன மேசை ஃபேன். ஏசி இல்லாவிட்டால் ஃபேனோடு ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீர். முகத்திலும் முன்கையிலும் தெளித்துக்கொண்டு காற்றில் நின்றால் வியர்வை செய்யும் வேலையைத் தண்ணீர் செய்துவிடும்.

ஏர் கூலர் வறண்ட காற்றில் அருமை. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் புழுக்கத்தைக் கூட்டும். ஜெல் தலையணை உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் தானும் வெதுவெதுப்பாகிவிடும். திருப்பிப் போட்டால் இன்னொரு முறை சுகம், அத்தோடு சரி.

பருத்தியா, விளையாட்டுத் துணியா?

பருத்தி என்றால் கேள்வியே கேட்கக்கூடாது என்றுதான் நானும் இருந்தேன். பருத்தி இழை தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தைச் சாதாரணமாகவே பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால் பருத்தி முதல் வியர்வையை இதமாக வாங்கிக்கொள்கிறது, ஆனால் நனைந்தால் லேசில் காய்வதில்லை. பகலில் அது நல்லதுதான், ஈரத்துணி குளிர்ச்சி தரும். இரவில் நடுக்கம் வரும்போது முதுகோடு ஒட்டிய ஈரச் சட்டையைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. எனவே பகலில் தொளதொள பருத்தி, இரவில் வியர்வையை இழுத்துச் சீக்கிரம் உலரும் மெல்லிய விளையாட்டுத் துணி. இறுக்கமான சாதாரண பாலியஸ்டர் எந்த நேரத்துக்கும் வேண்டாம்.

இனி கொஞ்சம் கசப்பான செய்தி. வட அமெரிக்காவின் மெனோபாஸ் சங்கம் 2023-ல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில், குளிர்விக்கும் உத்திகளையும் நிதான மூச்சுப் பயிற்சியையும் ஹாட் ஃப்ளாஷுக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்பதே காரணம். ஃபேன் ஆறுதல் தரும், ஆனால் ஒரு நாளைக்கு வரும் எண்ணிக்கையை அது குறைக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை தாங்க முடியாமல் போனால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

மருந்துகளில் எது?

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சைதான் அதிக பலன் தருவது. 2002-ல் இந்தச் சிகிச்சை பற்றிய அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று, மார்பகப் புற்றுநோய் ஆபத்து கூடுவதாகத் தெரிந்து பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து பலருக்கும் அதன் மேல் பயம். இப்போதைய கருத்து, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம் என்பது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தம் உறையும் சிக்கல் உள்ளவர்களுக்கும் கணக்கு வேறு. கோடையில் இதிலும் ஒரு போட்டி உண்டு: தோலில் ஒட்டும் பேட்ச் வியர்வையில் ஓரம் கிளம்பி உரியும். ஜெல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் தடவிய இடம் உலரும் வரை குழந்தைகளைத் தொடவிடக் கூடாது.

ஹார்மோன் கூடாதென்றால் ஃபெசோலினெட்டன்ட் இருக்கிறது. மேலே சொன்ன அந்த நரம்பணுக்களின் துடிப்பையே அடக்கும் மருந்து. அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. கல்லீரல் பரிசோதனை கட்டாயம். வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் ஃப்ளாஷைக் குறைக்கும், ஆனால் சிலருக்கு அவையே வியர்வையைக் கூட்டும். சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் என்ற மருந்து இதற்கு நேர்மாறு: ஃப்ளாஷோடு வியர்வையையும் சேர்த்துக் குறைக்கும். குளிர்காலத்தில் வரம், கடும் வெயிலில் ஆபத்து. வியர்க்காத உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியாது. அதை எடுப்பவர்கள் கோடை தொடங்குமுன் மருத்துவரிடம் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

எல்லா எரிச்சலும் மெனோபாஸ் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாஷ் நிமிடங்களில் அடங்கும். அடங்காமல் உடம்பு கொதித்து, பேச்சு குழறி, வாந்தியும் மயக்கமும் வந்தால் அது வெப்பத் தாக்கு, உடனே அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். இரவு வியர்வையோடு எடையும் குறைகிறது, காய்ச்சலும் விட்டுவிட்டு வருகிறது என்றால் தைராய்டையும் தொற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.