எம்.இ.ஏ. கரைசல்: வேகத்துக்குக் குறையில்லை, நீராவிதான் நிறையக் கேட்கும்

புகைபோக்கி வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் சிறிய யூனிட் ஒன்றில் ஷிப்ட் பார்க்கிறேன். அதில் ஓடுவது மோனோ எத்தனால் அமீன், தண்ணீரில் 30 சதவீதம். அமீன் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது, சுருக்கமாக எம்.இ.ஏ. என்போம். அமீன் கரைசலால் வாயுவைச் சுத்தம் செய்யும் முறைக்கு 1930-லேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கரைசல்கள் வந்தும், புதிதாக எது வந்தாலும் முதலில் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அந்த மரியாதைக்குக் காரணம் பிடிக்கும் வேகம். அப்சார்பரில், அதாவது வாயுவைக் கரைசல் உறிஞ்சும் கோபுரத்தில், மேலிருந்து கரைசல் இறங்க, கீழிருந்து வாயு ஏறும். வெப்பநிலை 40 டிகிரி போதும். வாயுவில் கார்பன் டை ஆக்சைடு 12 சதவீதமே இருந்தாலும், கோபுரம் சரியாக அமைந்திருந்தால் அதில் 90 சதவீதத்தைப் பிடித்துவிடலாம். பொட்டாசியம் கார்பனேட் கரைசல் ஆக்சிஜனால் கெடாது, ஆவியாகியும் போகாது. ஆனால் இந்த வேகம் அதற்கு வராது.

பிடித்ததை விடுவிப்பதுதான் கஷ்டம். இரண்டு அமீன் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து கார்பமேட் என்ற சேர்மமாக்குகின்றன. அந்தப் பிடி லேசில் தளராது. ஸ்ட்ரிப்பரில், அதாவது கரைசலைச் சூடாக்கி வாயுவை விடுவிக்கும் கோபுரத்தில், 120 டிகிரி வரை போக வேண்டும். ஒரு டன் பிரிக்க 3.5 முதல் 4 கிகாஜூல் வரை வெப்பம் நீராவியாகச் செலவாகும். கரைசலில் 70 சதவீதம் தண்ணீர், அதையும் சேர்த்துத்தானே சூடாக்குகிறோம்! பைப்பரசின் என்ற வேறொரு அமீன் கலந்த கரைசல்களுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். நீராவிக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் எம்.இ.ஏ.வை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்புறம், பராமரிப்பு. புதிதாக ஊற்றும்போது கரைசல் தெளிவாக இருக்கும். ஆக்சிஜன் பட்டுப் பட்டு மஞ்சளாகி, பிறகு கடுந்தேநீர் நிறத்துக்கு வரும். சாம்பிள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே பாதி நிலவரம் தெரிந்துவிடும், மீதிக்கு அமீன் அளவைக் காட்டும் டைட்ரேஷன் சோதனை. இரும்பு அளவையும் விடாமல் பாருங்கள். கெட்ட அமீன் குழாயை அரிக்கும். கரைந்த இரும்பு அமீனை இன்னும் வேகமாகக் கெடுக்கும். எங்கள் யூனிட்டில் ஒருமுறை கந்தக டை ஆக்சைடைக் கழுவி நீக்கும் பகுதி மக்கர் செய்தது. அந்த வாயு அமீனோடு சேர்ந்து, ஸ்ட்ரிப்பர் சூட்டிலும் பிரியாத உப்பாகிவிட்டது. கெட்ட கரைசலைக் காய்ச்சி மீட்கும் ரீக்ளைமரில் காஸ்டிக் சோடா சேர்த்துத்தான் அமீனை மீட்டோம். வாயுவில் கந்தக டை ஆக்சைடை 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழே வைக்க முடியாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு இதற்கு வரலாம்.

வாங்கும்போது ஒரு விஷயம். சுத்தமான எம்.இ.ஏ. 10 டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிரில் டிரம்மைத் திறந்தால் பம்ப் இழுக்க முடியாதபடி கட்டியாக நிற்கும். தண்ணீர் கலந்த 85 சதவீத ரகம் கிடைக்கிறது, அதையே கேளுங்கள். கலக்க உப்பு நீக்கிய தண்ணீர் மட்டும்தான். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் டிரம் அருகே யாரையும் விடாதீர்கள், தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். லைனில் பித்தளை வால்வு எங்கேயாவது இருந்தால் கரைசல் ஊற்றுவதற்கு முன்பே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுங்கள்.